கடனும் குற்றமும்: ஏசு கற்பித்த செபத்தின் ஐந்தாம் வேண்டுதலைக் கிராஞ்சியில் வைத்து வாசித்தல்

முன்னுரை

ஏசு தம் சீடர்க்குக் கற்பித்ததாக நற்செய்தி நூல்கள் கூறும் செபம் கிறித்தவத் திருச்சபைகள் அனைத்திற்கும் பொதுவானது. பரமண்டல செபம், கர்த்தருடைய செபம் எனத் தமிழில் பலவாறு வழங்கும் இது, மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலும் லூக்கா நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்திலும் சிறு வேறுபாடுகளுடன் இடம்பெற்றுள்ளது. தமிழ் அச்சு வரலாற்றோடும் இத்தகைய செபங்களுக்கு நெருங்கிய உறவு உண்டு. 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்துகளில் அச்சான தமிழ்ச் சிறுநூலும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளிலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலும் கிறித்தவ மறையின் அடிப்படைகளையும் செபங்களையும் கற்பிக்க எழுந்தவை. 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சேற்றியபோது நற்செய்தி நூல்களின் பகுதியாகவும் இச்செபம் தமிழ் வாசகரை வந்தடைந்தது.

இத்துணைக் காலம் தமிழர் நாவில் பயின்றும் இச்செபத்தின் சொற்கள் ஒருபடித்தாக நிலைபெறவில்லை. 'பிதா', 'தந்தை' ஆகியவற்றுக்கும் 'சித்தம்', 'திருவுளம்' ஆகியவற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் நடை பற்றியது. மன்னிப்பைக் கேட்கும் ஐந்தாம் வேண்டுதலில் காணப்படும் வேறுபாடோ பொருள் பற்றியது. சீர்திருத்தத் திருச்சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் 'கடன்' என்கிறது. கத்தோலிக்க மரபு நெடுங்காலம் 'பாவம்' என்றது. இன்று 'குற்றம்' என்கிறது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமும் 'குற்றம்' என்பதையே ஏற்றுள்ளது.

இச்சொல் மாற்றத்தால் வாசகர் பெற்றது யாது, இழந்தது யாது என்பதே இக்கட்டுரையின் வினா. அகராதி வழியே மட்டும் இதற்கு விடை காண இயலாது என்று நாம் கருதுகிறோம். ஒரு செபத்தின் சொல்லை, அதனை மெய்யாகச் சொல்வது கடினமாகும் ஓரிடத்தில் வைத்தும் பார்த்தல் வேண்டும். சிங்கப்பூரின் வடபகுதியில் அமைந்த கிராஞ்சிப் போர்க்கல்லறை அத்தகையதோர் இடம்.

மூலமும் மொழிபெயர்ப்பும்

மத்தேயு ஆளும் கிரேக்கச் சொல் 'ஒபெய்லேமா' என்பது. ஒருவர் மற்றவருக்குச் செலுத்த வேண்டியது என்பது அதன் நேர்ப்பொருள். அச்சொல்லுக்கு அடியான வினை, பணம் செலுத்த வேண்டியிருத்தலையும் ஒன்றைச் செய்யக் கடப்பாடுடைமையையும் ஒருசேரச் சுட்டுவது. லூக்கா இவ்வேண்டுதலின் முற்பகுதியில் பாவத்தைக் குறிக்கும் 'ஹமார்த்தியா' என்னும் சொல்லை ஆண்டாலும், பிற்பகுதியில் கடன்பட்டோரைக் குறிக்கும் சொல்லையே வைத்துள்ளார். ஏசு பேசிய அரமேய மொழியில் 'ஹோபா' என்னும் ஒரு சொல்லே கடனுக்கும் பாவத்திற்கும் பொதுவாக வழங்கியது. இரு நற்செய்தியாளரிடையே காணும் வேறுபாட்டுக்கு இதுவே அடிப்படை என அறிஞர் விளக்குவர்.

இலத்தீன் மரபு கடனைக் குறிக்கும் 'தேபிதா' என்னும் சொல்லைப் பேணியது. ஆங்கிலத்திலோ 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு மத்தேயுவில் கடனைக் குறிக்கும் சொல்லையே கொண்டிருக்க, 1662ஆம் ஆண்டு ஆங்கிலிக்கப் பொது வழிபாட்டு நூல் எல்லை மீறலைக் குறிக்கும் சொல்லை வழங்கியது. ஆகவே இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று.

ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய தமிழ் வேதாகமம், செபத்தில் 'கடன்' என்றும், செபத்தை அடுத்து ஏசு தரும் விளக்கத்தில் 'தப்பிதம்' என்றும் வேறுபடுத்திக் கூறுகிறது. மூலத்திலும் அவ்விரு இடங்களில் இரு வேறு சொற்களே உள்ளன. திருவிவிலியம் இரண்டிடத்தும் 'குற்றம்' என்றே கூறுவதால் இவ்வேறுபாடு மறைகிறது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மத்தேயுவின் பதினெட்டாம் அதிகாரத்தில், சகோதரனை எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு வினவுகிறார். அதற்கு விடையாக ஏசு கூறும் உவமை முழுவதும் கடன் பற்றியது. பதினாயிரம் தாலந்து கடன் நீக்கப்பெற்ற ஊழியன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன் ஊழியனைச் சிறையில் இடுகிறான். ஐந்தாம் வேண்டுதலுக்கு மத்தேயு தாமே எழுதிய உரை என்று இவ்வுவமையைக் கொள்ளலாம். செபத்தில் 'கடன்' என்று ஓதிய வாசகர் உவமைக்கு வரும்போது பழகிய சொல்லை எதிர்கொள்வர். 'குற்றம்' என்று ஓதியவர்க்கோ இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள பாலம் புலப்படாது.

'குற்றம்' என்பதைத் தேர்ந்தோர் தக்க காரணமின்றித் தேர்ந்தனர் எனல் ஆகாது. வழிபாட்டில் குழுமும் எளிய மக்கள் கடன் என்றவுடன் அடகுக்கடையையும் வட்டியையும் நினைக்கக்கூடும் என்பதும், லூக்காவின் சான்று பாவம் என்னும் பொருளுக்கு இடந்தருகிறது என்பதும் வலுவுள்ள வாதங்களே. எனினும் அவை, தமிழில் 'கடன்' என்பது பணத்தை மட்டுமே சுட்டும் சொல் என்னும் எண்ணத்தைச் சார்ந்து நிற்கின்றன.

தமிழில் 'கடன்'

சங்க இலக்கியம் அறிந்தோர்க்கு இவ்விடத்தில் உடனே நினைவுக்கு வருவது பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், வீர மகன் என ஒவ்வொருவர்க்கும் உரிய கடனை ஒரு மறக்குடித் தாய் அதில் வகுத்துக் கூறுகிறாள். அங்கே கடன் கொடுத்தவர் என எவரும் இலர், வட்டியும் இல்லை. ஒருவர் தம் நிலையால் செய்தே ஆகவேண்டியது எதுவோ அதுவே கடன். நீத்தார் கடன், நன்றிக்கடன், செஞ்சோற்றுக் கடன் முதலிய தொடர்களில் இப்பொருள் இன்றும் வாழ்கிறது. கிரேக்க வினைச்சொல்லின் இரு பொருள்களையும் ஒரே சொல்லில் ஏந்தத் தமிழால் இயல்கிறது என்பது மொழிபெயர்ப்பாளர்க்குக் கிட்டிய நற்பேறு.

குற்றம் என்பது பெரிதும் செய்ததைச் சுட்டும். கடன் என்பது செய்யாது விட்டதையும் சுட்டும். ஒருவர் எத்தீங்கும் இழைக்காமலே கடனாளியாக இருத்தல் கூடும். 'குற்றங்களை மன்னியும்' என்போர் தாம் இழைத்த தவறுகளை எண்ணிப் பார்ப்பர். 'கடன்களை' என்போர் தாம் யாருக்கு எதனைச் செய்யத் தவறினோம் என்றும் எண்ண வேண்டியவராகின்றனர்.

கடனின் பணப்பொருளையும் மலாயாத் தமிழர் வரலாறு எளிதில் ஒதுக்க விடாது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்ட பின்னரும், 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை கங்காணி முறை தொடர்ந்தது. கப்பற்செலவும் முன்பணமும் கடனாகித் தொழிலாளியைத் தோட்டத்தோடும் கங்காணியோடும் பிணித்த காலம் அது. அத்தகைய தொழிலாளி இச்செபத்தை ஓதியிருப்பின், கடன் நீக்கம் அவர்க்கு உருவகமாக மட்டும் ஒலித்திராது. முதல் நூற்றாண்டுப் பாலத்தீனத்தில் கடனால் நிலமிழந்தோரும் சிறைப்பட்டோரும் இதனைக் கேட்ட சூழலுக்கு, அடகுக்கடையை நினைவூட்டும் இப்பொருள் நெருக்கமானதே.

கிராஞ்சிக் கல்லறைகள்

சப்பானியர் ஆட்சிக்காலத்தில் கிராஞ்சியில் ஒரு போர்க்கைதி முகாமும் அதனருகே உட்லண்ட்சில் மருத்துவமனையும் இருந்தன. கைதிகள் அங்கு அமைத்த சிறு இடுகாடே பின்னர் விரிவாக்கப்பட்டது. சாங்கியிலிருந்த பெரிய இடுகாடு நிலைத்திருக்க இயலாது என்பது தெளிவானதால், 1946இல் அங்கிருந்த கல்லறைகள் கிராஞ்சிக்கு மாற்றப்பட்டன. இன்று இங்கே இரண்டாம் உலகப்போரில் இறந்த 4,461 பொதுநலவாயப் படையினர் அடக்கம் செய்யப்பட்டோ நினைவுகூரப்பட்டோ உள்ளனர். அடக்கம் பெற்றோருள் 850க்கும் மேற்பட்டோர் இன்னார் என அறியப்படாதவர். 1957ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் திறக்கப்பட்ட சிங்கப்பூர் நினைவகத்தின் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. இந்தியத் தரைப்படையினரும் அவர்களுள் பெருந்தொகையினர். நினைவகத்தின் பின்புறம், தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கான தனி நினைவுச்சின்னம் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் பிரிக்கப்படாத இந்தியாவின் படையினர்.

இந்நிலத்தில் ஓதப்படும் பல சமயத்தாரின் மன்றாட்டுகளுள் இச்செபமும் ஒன்று. போர்க்கல்லறைகளில் குடும்பத்தார் விரும்பிப் பொறித்த வாசகங்களுள் இறைவனின் சித்தத்திற்கு அமையும் மூன்றாம் வேண்டுதல் பரவலாகக் காணப்படுவது. இழப்பை ஏற்கும் ஒரு தாயின் அல்லது மனைவியின் துயரத்திற்கு அது ஏற்றதே. ஐந்தாம் வேண்டுதலை இங்குச் சொல்வதோ எளிதன்று. கொன்றவரை மன்னிக்கும் உரிமை உயிரோடிருப்போர்க்கு உண்டா என்னும் வினா உடனே எழுகிறது.

இந்தியப் படையினரின் பெயர்கள் 'கடன்' என்னும் சொல்லுக்கு மற்றொரு பரிமாணத்தையும் தருகின்றன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. இரு நாள் கழித்து, இன்று லிட்டில் இந்தியா எனப்படும் வட்டாரத்தை ஒட்டிய ஃபேரர் பூங்காவில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியப் போர்க்கைதிகள் சப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்திற்கான அழைப்பும் அங்கே விடுக்கப்பட்டது. உண்ட சோற்றுக்கும் எடுத்த உறுதிமொழிக்கும் உரிய செஞ்சோற்றுக் கடன் ஒரு புறமும், அடிமைப்பட்ட தாய்நாட்டுக்கு ஆற்றவேண்டிய கடன் மறுபுறமும் அவர்களை ஈர்த்தன. இருவழியும் சென்றோர் உண்டு. இவ்விரு சாராருள் எவர் செயலைக் குற்றம் என்பது என்று கேட்டால் இன்றும் விவாதமே மிஞ்சும். இருவரும் கடன்பட்டவர், இருவராலும் இரு கடன்களையும் ஒருசேரத் தீர்த்திருக்க இயலாது என்று கூறுவதே அவர்கள் நிலைக்கு நேர்மையான விளக்கம் ஆகலாம்.

இரத்தக் கடன்

சிங்கப்பூரின் பொதுவாழ்விலும் இச்சொல் முழங்கியதுண்டு. சப்பானியர் ஆட்சியில் கொல்லப்பட்ட குடிமக்களின் புதைகுழிகள் 1962இல் சிக்லாப்பில் கண்டறியப்பட்டபின், இழப்பீடு கோரும் இயக்கம் வலுப்பெற்றது. 1963 ஆகத்து 25ஆம் நாள் நகர மண்டபத்தின் முன் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். இரத்தக் கடன் எனப் பொருள்படும் சீனத் தொடரே அவர்தம் கோரிக்கையின் பெயராயிற்று. 1966இல் சப்பான் 5 கோடி சிங்கப்பூர் வெள்ளி தர இசைந்தது. அதில் பாதி நன்கொடை. மறுபாதி சலுகை நிபந்தனைகளோடு கூடிய கடன். இரத்தக் கடனைத் தீர்க்க வந்த தொகையின் ஒரு பாதி மீண்டும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகவே அமைந்தது. 1967 பிப்ரவரி 15ஆம் நாள் பீச் சாலையில் குடிமக்கள் போர் நினைவகம் திறக்கப்பட்டது.

அரசுகளுக்கு இடையே கணக்கு முடிக்கப்படல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அரசுகள் முடித்த கணக்கும் இறந்தோர் உறவினரின் உள்ளத்திலுள்ள கணக்கும் வேறுவேறு. 'குற்றம்' என்னும் சொல் குற்றவாளியை நோக்கியே விரல் நீட்டும். தண்டனையும் இழப்பீடும் அமைந்தபின் அதன் பணி பெரும்பாலும் முடிந்துவிடும். 'கடன்' என்பதோ இறந்தோர்க்கு உயிருள்ளோர் செலுத்த வேண்டியதையும் உட்கொண்டிருப்பதால் அவ்வளவில் முடிவதில்லை.

'நாங்கள்' என்போர் யாவர்?

ஐந்தாம் வேண்டுதல், மன்னிப்பைக் கேட்போரும் மன்னிப்பவராதலை உடன் வைத்துப் பேசுகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகள் யாவும் இங்கு 'நாங்கள்', 'எங்கள்' என்னும் சொற்களையே ஆள்கின்றன. கேட்போரை உளப்படுத்தாத இப்பன்மையைத் தமிழ் மாணவர் தொடக்க வகுப்பிலேயே அறிவர். கேட்பவராகிய இறைவன் அப்பன்மையில் அடங்கார், கடன்படுவோர் மனிதரே. இந்நுட்பத்தைக் கிரேக்கமும் ஆங்கிலமும் இலக்கணத்தால் உணர்த்த மாட்டா. அப்பன்மைக்குள் இறந்தோரும் அடங்குவரா என்பதே கிராஞ்சியில் எழும் வினா.

1943 அக்டோபரில் சப்பானிய இராணுவக் காவற்படையால் கைதுசெய்யப்பட்டு வதைக்கப்பட்ட சிங்கப்பூர் ஆங்கிலிக்கப் பேராயர் லெனர்டு வில்சன், 1946இல் பி.பி.சி. வானொலியில் ஆற்றிய மறையுரையில், தம்மை வதைத்தோரை மன்னிக்க இயன்ற வகையை எடுத்துரைத்தார். பின்னாளில் அவர்களுள் ஒருவர் கிறித்தவராகி அவர் கையாலேயே திடப்படுத்தல் பெற்றார். அவர் 'நாங்கள் மன்னிக்கிறோம்' என்று ஓதியபோது தமக்கு வரவேண்டியதையே விட்டுக்கொடுத்தார். அவ்வுரிமை அவர்க்கு இருந்தது.

1942இல் சாங்கியில் கைதியாக நோயுற்றிருந்த இசுடான்லி வாரன், இராபர்ட்சு முகாமின் தேவாலயச் சுவரில் விவிலிய ஓவியங்களைத் தீட்டினார். சிலுவைக் காட்சியில், பகைவரை மன்னிக்கும்படி ஏசு வேண்டிய சொற்கள் இடம்பெற்றுள்ளன. அது வேறு வகை மன்றாட்டு. அங்கே மன்னிக்குமாறு இறைவனே வேண்டப்படுகிறார். பிறர்பொருட்டு மன்னிக்கும் அதிகாரம் தமக்கு இல்லாதவர்களும் அவ்வேண்டுதலைச் சொல்லலாம். கல்லறை முன் நிற்கும் இன்றைய தலைமுறைக்கு இயல்வது இதுவே. கொல்லப்பட்டோர்க்கு வரவேண்டியதை அவர்கள் சார்பில் தள்ளுபடி செய்யும் உரிமை நமக்கு இல்லை. ஆயின் வேண்டுதலின் முற்பகுதியில் வரும் 'எங்கள் கடன்கள்' என்பதை எவ்விதத் தயக்கமும் இன்றி நாம் சொல்லலாம். அவர்கட்கு நாம் பட்ட கடன் நம்முடையதே. 'குற்றம்' என ஓதின், போருக்குப் பின் பிறந்தோர்க்கு இவ்விடத்தில் சொல்வதற்குரிய பொருள் சுருங்கிவிடும்.

கல் இல்லாதோர்

1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட சயாம் மரண இரயில்பாதையில் ஏறத்தாழ 13,000 போர்க்கைதிகள் இறந்தனர். அவர்களுக்குக் காஞ்சனபுரி முதலிய இடங்களில் வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. அதே பாதையில் இறந்த குடிமக்கள் 80,000 முதல் 100,000 வரை எனப் போர்க்கல்லறை ஆணையம் மதிப்பிடுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். கிராஞ்சிச் சுவர்கள் படையினர்க்கு உரியவையாதலின் அவர்தம் பெயர்கள் அங்கு இல்லை. பாதையோரத்திலும் அவர்கட்குப் படையினரைப் போல் ஆளுக்கொரு கல் இல்லை.

குறளின் இல்வாழ்க்கை அதிகாரம், இல்லறத்தான் பேணவேண்டியோரை வரிசைப்படுத்துகையில் இறந்த முன்னோராகிய தென்புலத்தாரை முதலில் வைக்கிறது. அவ்வளவையால் நோக்கின், இத்தொழிலாளர்க்கு நீத்தார் கடன் ஆற்றப்படவில்லை. அவர்கள் இறப்புக்குக் காரணமான குற்றம் நம்முடையது அன்று. ஆற்றாது விட்ட கடன் நம்முடையது. கிராஞ்சியில் 'கடன்' என்று ஓதும் தமிழர், பெயர் பொறித்த சுவரின் முன் நின்று, பெயர் பொறிக்கப்படாதோரையும் எண்ண வேண்டியவராவர்.

ஒரு தடை இங்கு எழலாம். கடனை மன்னிக்குமாறு இறைவனை வேண்டினால், ஆற்றவேண்டிய கடனிலிருந்து விடுபடும் எளிய வழியாகச் செபமே ஆகிவிடாதா? இத்தடைக்கு விடை, கத்தோலிக்கப் பழைய வழக்கில் உள்ளது. அவ்வழக்கு 'பாவம்' என்று கூறியபோதிலும் வினைச்சொல்லாகப் 'பொறுத்தல்' என்பதை ஆண்டது. பொறுத்தல் என்பது மன்னித்தலையும் சுமத்தலையும் ஒருங்கே குறிக்கும். பொறை என்றால் சுமை. திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் தன்னைத் தோண்டுவோரையும் தாங்கும் நிலத்தை உவமையாக்கித் தொடங்குவது நாம் அறிந்ததே. பொறுத்தருளுமாறு வேண்டுவோர், கடன் இல்லாமற் போகவேண்டும் எனக் கேட்பதில்லை. அதனை ஆற்றும் வரை தம்மைத் தாங்கிக்கொள்ளுமாறு கேட்கின்றனர். கிரேக்க மூலவினை விட்டுவிடுதலைக் குறிப்பதாதலின் 'மன்னித்தல்' என்பதே அதற்கு அணுக்கமானது என்பதையும் கூறியாக வேண்டும். 'பொறுத்தல்' மூலத்தின் எல்லையைச் சற்றுக் கடந்ததே. ஆயினும் அது கடந்து சென்ற திசை, தமிழர் பண்பாடு மன்னிப்பைப் புரிந்துகொண்ட திசையாகும்.

முடிவுரை

இரு மரபுகளையும் ஒப்புநோக்குகையில், சீர்திருத்தத் திருச்சபை மரபு 'கடன்' என்னும் பெயர்ச்சொல்லையும் கத்தோலிக்க மரபு 'பொறுத்தல்' என்னும் வினைச்சொல்லையும் பேணிவந்தமை தெளிவாகிறது. பொது மொழிபெயர்ப்பு இவ்விரண்டனையும் விடுத்து, குற்றம், மன்னித்தல் என்னும் இணையைத் தேர்ந்தது. அனைவர்க்கும் விளங்கும் எளிமை இதனால் கிடைத்தது. செபத்துக்கும் உவமைக்கும் உள்ள உறவும், செய்யாது விட்டதை நினைவூட்டும் ஆற்றலும், சுமத்தல் என்னும் பொருளும் இதனால் நீங்கின. நாம் பெற்றதைவிட இழந்தது மிகுதி என்பது நம் கருத்து.

வழிபாட்டு மொழியை மாற்றுவது திருச்சபைகளின் பொறுப்பு. அதில் நாம் தலையிடுவதற்கில்லை. ஆனால் மொழிபெயர்ப்புக் கலையையும் கிறித்தவத் தமிழ் இலக்கியத்தையும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வேண்டுதலின் தமிழ் வடிவங்களை அருகருகே வைத்து, மத்தேயுவின் உவமையோடும் புறநானூற்று 312ஆம் பாடலோடும் சேர்த்துக் கற்பித்தல் பயன் தரும். பழஞ்சொல் ஒன்றை எளிமை கருதி மாற்றுமுன், அச்சொல் எவ்வெவற்றோடு தொடர்புடையது என்பதை ஆராய வேண்டும் என்னும் பாடத்தை மாணவர் அதன்வழி உணர்வர். சிங்கப்பூர், மலேசிய மாணவரைப் பொறுத்தவரை, கிராஞ்சிச் சுவர்ப் பெயர்களையும் இரயில்பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளர் வரலாற்றையும் அப்பாடத்தோடு இணைத்துக் கற்பித்தலும் நம் கடனே.